துருத்தி வைத்த பந்தயக் கார்

1930-ம் ஆண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி, சனிக்கிழமை மாலை. பிரான்ஸ் நாட்டில் லே மான் என்னும் ஊரில், உலகப் பிரசித்தி பெற்ற 24 மணி நேர மோட்டார் பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகளே ஆகியிருந்தன. சனிக்கிழமை மாலை கிளம்பும் கார்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை வரை ஓடவேண்டும். இரவானாலும் மழையானாலும் பந்தயம் நிற்காது. ஒரு காருக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ஓய்வெடுத்துக்கொள்ளலாம்.

அன்று எல்லோருக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்தது ஒரு வெள்ளை மெர்சிடஸ் கார். ஓட்டியவர் ஜெர்மனியின் ருடால்ஃப் கராச்சியோலா. அந்தக் காலத்தில் அவருக்கு நிகராகச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. அவருக்குப் பின்னால், புழுதியைக் கிளப்பிக்கொண்டு, ஒரு பச்சை நிற பென்ட்லி நெருங்கி வந்தது. அதை ஓட்டியவர் டிம் பர்கின் என்ற 33 வயது ஆங்கிலேயர். கழுத்தில் புள்ளி போட்ட பட்டுத் துணி காற்றில் பறந்தது.

முல்சான் நேர்ச் சாலையில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோ மீட்டர். முந்துவதற்குச் சாலையில் இடம் போதவில்லை. பர்கின் யோசிக்கவில்லை. ஒரு பக்கச் சக்கரங்களைப் புல்தரையில் இறக்கினார். பின் டயரின் மேற்பட்டை பிய்ந்து பறந்தது. அப்படியும் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டு, மெர்சிடஸைத் தாண்டிப் போனார். பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு கார்களிலும் இருந்த ஒரு பொதுவான சாமான் சூப்பர்சார்ஜர். மெர்சிடஸ் கம்பெனி அதைத் தன் என்ஜினோடு சேர்த்தே வடிவமைத்திருந்தது. பென்ட்லி காரிலோ, அதை உருவாக்கியவரே வேண்டாம் என்று சொல்லியும் பின்னால் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள்.

கொல்லன் உலையும் கார் என்ஜினும்

கிராமத்தில் கொல்லன் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இந்த சாமானின் சூட்சுமத்தை விளக்கவே வேண்டாம். உலையில் கரி இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. ஆனால் துருத்தியை மிதித்துக் காற்றை ஊதினால்தான் இரும்பு பழுக்கும். காற்று கூடினால் தீ கூடும்.

கார் என்ஜினும் ஒரு வகை உலைதான். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம், காற்றுதான் கிடைக்காது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் தானாக எவ்வளவு காற்று நுழைகிறதோ அவ்வளவுதான். அதைத் தள்ளுவது வெளியில் உள்ள வாயு மண்டலத்தின் அழுத்தம் மட்டுமே. கடல் மட்டத்தில் அது சதுர அங்குலத்துக்கு 14.7 ராத்தல்.

அதற்கு மேல் சக்தி வேண்டுமென்றால் வழி இரண்டு. சிலிண்டரைப் பெரிதாக்கலாம். அல்லது அதே சிலிண்டருக்குள் காற்றைப் பலவந்தமாக அடைக்கலாம். இரண்டாவது வேலையைச் செய்வதே சூப்பர்சார்ஜர். ஆங்கிலேயர் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'புளோயர்', அதாவது ஊதுகிற சாமான்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கும் உலைக்கும் உள்ள உறவு வெறும் உவமை இல்லை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ம் ஆண்டு காப்புரிமை பெற்ற யந்திரம் இது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதத்தான் முதலில் பயன்பட்டது. ஒரு பெட்டிக்குள் எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழலும். ஒரு பக்கம் காற்றை வாரி மறு பக்கம் தள்ளும். இவ்வளவுதான் அமைப்பு. காருக்கு வந்தது பிறகு.

ஆனால் ஒன்று. துருத்தியை மிதிக்க ஒரு ஆள் வேண்டும். காரில் அந்த ஆள் யார்? என்ஜினே தான்! தான் உண்டாக்கும் சக்தியில் ஒரு பகுதியைக் கொடுத்து அது சூப்பர்சார்ஜரைச் சுழற்ற வேண்டும். கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது என்பதால்தான் இந்த வியாபாரம் கட்டுபடியாகிறது.

இதன் தம்பி டர்போசார்ஜர். அது என்ஜினிடம் நேராகக் கை நீட்டாது. வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுழலும். 1960-களிலிருந்து பல பத்தாண்டுகள் நம் நாட்டு ரயில்களை இழுத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜின் பலருக்கு நினைவிருக்கும். ஊருக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது குப்பென்று கறுப்புப் புகை கிளம்பும். பிறகு ஒரு சீட்டியொலி மெல்ல ஏறும். புகையும் குறையும். அந்த ஒலி டர்போ சுழலும் ஒலி. டர்போ வேகம் பிடிக்கும்வரை காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிவதால்தான் அந்தக் கரும்புகை. 16 சிலிண்டர்களில் 2,600 குதிரை சக்தி கிடைத்ததற்கு அந்தச் சீட்டிக்காரனும் ஒரு காரணம்.

முதலாளி வேண்டாம் என்றார்

பென்ட்லி காரை உருவாக்கிய வால்டர் ஓவன் பென்ட்லியும் ரயிலடியிலிருந்து வந்தவர்தான். 16-வது வயதில் டான்காஸ்டர் ரயில்வே பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, நீராவி என்ஜின்களோடு பழகி வளர்ந்தவர். முதல் உலகப் போரில் விமான என்ஜின்கள் செய்தார். 1919-ம் ஆண்டு லண்டனில் தம் பெயரில் கார் கம்பெனி தொடங்கினார்.

ரயில் பட்டறையில் கற்ற பாடத்தை அவர் கடைசிவரை விடவில்லை. என்ஜின் பெரிதாக, பலமாக, அவசரமில்லாமல் ஓடவேண்டும். சக்தி போதாவிட்டால் இன்னும் பெரிய என்ஜின் செய். அவர் கொள்கை அதுதான். 3 லிட்டர் என்ஜினில் ஆரம்பித்தவர் நாலரை லிட்டருக்கும், ஆறரை லிட்டருக்கும், பிறகு 8 லிட்டருக்கும் போனார். ஒரு என்ஜினுக்கென்று கணக்கிட்ட பளுவுக்கு மேல் காற்றை அடைத்து அதை வதைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அது தம் படைப்பைக் கெடுக்கும் காரியம் என்றே நினைத்தார்; பிற்காலத்தில் அப்படியே எழுதவும் செய்தார்.

பர்கினின் எண்ணம் வேறு. அவர் நாட்டிங்காம் நகரில் லேஸ் துணி வியாபாரத்தில் பொருள் சேர்த்த குடும்பத்தின் பிள்ளை. போரில் விமானப் படையில் இருந்தபோது பாலஸ்தீனத்தில் மலேரியா பிடித்தது. அது அவரை விடவே இல்லை. பேசும்போது திக்கும். காரில் ஏறிவிட்டால் திக்கலும் இல்லை, தயக்கமும் இல்லை. வெளிநாட்டார் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களோடு வருகிறார்கள், நாமும் வைக்காவிட்டால் தோற்றுப்போவோம் என்பது அவர் வாதம்.

வால்டர் பென்ட்லி மறுத்தார். ஆனால் மறுத்து என்ன செய்வது? 1926-ம் ஆண்டிலேயே பணமுடை தாங்காமல் கம்பெனி வூல்ஃப் பர்னாட்டோவின் கைக்குப் போயிருந்தது. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்தவரின் மகன் அவர். தம் பெயர் எழுதிய கம்பெனியில் வால்டர் பென்ட்லி சம்பளம் வாங்கும் நிர்வாகி. உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு அந்த நிலைமை புரியும். பர்கின் நேரே பர்னாட்டோவிடம் போனார். பர்னாட்டோ சரி என்றார். காரியம் முடிந்தது.

மாட்டுவது மட்டும் போதுமா?

சூப்பர்சார்ஜரைச் செய்துகொடுத்தவர் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற இளம் என்ஜினீயர். ரூட்ஸ் வகை யந்திரத்தைக் காரின் முன் மூக்கில், ரேடியேட்டருக்கும் முன்னால், கிராங்க் ஷாஃப்டின் நுனியோடு நேராக இணைத்தார். பக்கத்தில் இரண்டு கார்ப்பரேட்டர்கள். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே வாங்கி, அழுத்தி, குழாய் வழியாக என்ஜினுக்கு அனுப்பும் ஏற்பாடு.

சாதாரண நாலரை லிட்டர் பென்ட்லியின் என்ஜினுக்கு 4 சிலிண்டர், 4,398 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 110 குதிரை சக்தி. புளோயர் வைத்து விற்பனைக்கு வந்த காருக்கு 175. பந்தயத்துக்கென்று தயாரான காருக்கு 240. அதே நான்கு சிலிண்டரிலிருந்து இரு மடங்குக்கு மேல்!

கேட்பதற்கு மாயம் போலிருக்கும். ஆனால் இந்தக் கூடுதல் பளுவை எல்லாம் தாங்கவேண்டியது யார்? காற்றை அழுத்தினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா, அதே கதைதான். சூடான கலவை சிலிண்டருக்குள் போனால் உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். பிஸ்டனில் ஓட்டை விழுவதற்கு அது ஒன்றே போதும். ஆகவே சிலிண்டரின் அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டைக் கனமாக்க வேண்டும். பெட்ரோல் அதிகம் வேண்டும். சூட்டைத் தணிக்க வேண்டும். ஒரு சாமானை மாட்டப்போய் என்ஜினில் பாதியை மாற்றவேண்டி வரும்.

வில்லியர்ஸும் கனத்த கிராங்க் ஷாஃப்ட் முதலிய மாறுதல்களைக் கேட்டார். செய்தார்கள். ஆனாலும் மூக்கில் ஏறிய கனத்தால் காரின் முன்பக்கம் பளுவாகி, வளைவுகளில் திரும்ப அடம் பிடித்தது.

இன்றும் ஸ்போர்ட்ஸ் காருக்கு சூப்பர்சார்ஜரைத் தனியாக வாங்கி மாட்டுகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பெல்ட் போட்டுச் சுழற்றுகிறார்கள், அழுத்திய காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர் வைக்கிறார்கள், பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் வில்லியர்ஸ் மல்லாடிய அதே மூன்று விஷயங்களோடுதான் அவர்களும் மல்லாடுகிறார்கள்: சூடு, பளு, பெட்ரோல். நம் நாட்டிலோ ஆசை இருந்தாலும் இஷ்டப்படி செய்துவிட முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது.

சீமாட்டி கொடுத்த பணம்

லே மான் பந்தய விதிப்படி, போட்டிக்கு வரும் கார் கடையில் விற்கும் ரகமாக இருக்கவேண்டும். அதற்காக 50 புளோயர் கார்களைச் செய்து விற்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் 55. ஏற்கெனவே கடனில் தத்தளித்த கம்பெனிக்கு இது ஒரு பெரிய சுமை.

பர்கினின் பந்தயக் கார்கள் கம்பெனியில் தயாராகவில்லை. வெல்வின் என்ற ஊரில் அவரே பட்டறை போட்டார். கைப்பணம் கரைந்தது. அப்போது கை கொடுத்தவர் டாரதி பாஜெட் என்ற பணக்காரச் சீமாட்டி. பிற்காலத்தில் பந்தயக் குதிரைகளால் புகழ் பெற்றவர் இவர். இவருடைய 'கோல்டன் மில்லர்' என்ற குதிரை செல்ட்டன்ஹாம் கோப்பையை 1932 முதல் 1936 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. ஆனால் கார்கள் குதிரைகளைப் போல அவருக்குப் பரிசு கொண்டுவரவில்லை. 1929 ஜூனில் புரூக்லாண்ட்ஸ் மைதானத்தில் முதன்முதலாக இறங்கிய புளோயர் கார், பந்தயத்தை முடிக்காமலே நின்றது.

விடியும்போது யார் இருந்தார்கள்?

மறுபடியும் லே மானுக்கு வருவோம்.

கராச்சியோலாவின் மெர்சிடஸில் சூப்பர்சார்ஜர் எப்போதும் ஓடாது. ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தினால் மட்டும் வேலை செய்யும். அப்போது அதன் அலறல் வெகு தூரம் கேட்கும். சிறிது நேரம் மட்டும் உபயோகிக்கவென்றே அமைத்த சாதனம் அது. பர்கின் பின்னாலேயே துரத்தியதால் கராச்சியோலா அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஜெர்மன் காரைக் களைக்க வைக்க பென்ட்லிக்காரர்கள் முன்பே போட்ட திட்டம் இது என்பாரும் உண்டு. திட்டமும் இல்லை, மண்ணும் இல்லை, பர்கினின் சுபாவமே அதுதான் என்பாரும் உண்டு. பர்கினின் மற்றப் பந்தயங்களைப் பார்த்தால் இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது.

நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் மெர்சிடஸின் விளக்குகள் மங்கின. பழுது பார்க்கும் இடத்துக்கு வந்து நின்றது. நின்றதுதான், பிறகு கிளம்பவே இல்லை.

புளோயர் கார்களுக்கு வெற்றி என்று நினைக்கிறீர்களா? அவை இரண்டும் என்ஜின் கெட்டு, பந்தயம் முடியும் முன்பே ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. முதலிடமும் இரண்டாம் இடமும் பெற்றவை, துருத்தி எதுவும் இல்லாமல் வால்டர் பென்ட்லியின் பழைய கொள்கைப்படி செய்த ஆறரை லிட்டர் 'ஸ்பீட் சிக்ஸ்' கார்கள். முதலில் வந்த காரை ஓட்டியவர்கள் பர்னாட்டோவும் கிட்ஸ்டனும். பர்கினுக்கு அனுமதி கொடுத்த அதே பர்னாட்டோ, புளோயர் இல்லாத காரில் ஏறி ஜெயித்துவிட்டார்!

இருந்தாலும் புளோயரை ஒரேயடியாகக் கழித்துவிட முடியாது. அதே ஆண்டு செப்டம்பரில், பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள 'போ' நகரில் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. லேசான புகாட்டி கார்களுக்கு நடுவே, மட்கார்டையும் விளக்குகளையும் கழற்றிவிட்டு, ஏறக்குறைய இரண்டு டன் கனமுள்ள புளோயரோடு பர்கின் இறங்கினார். பென்ட்லிகளைப் பார்த்து, உலகத்தில் மிக வேகமாக ஓடும் லாரிகள் என்று எத்தோரே புகாட்டி கேலி செய்ததாக ஒரு கதை உண்டு. அந்த 'லாரி' அன்று இரண்டாவதாக வந்தது. முன்னால் போனது ஒரே ஒரு புகாட்டி. மற்ற புகாட்டிகள் எல்லாம் பின்னால். புளோயர் பெற்ற பெரும் பெயர் அதுதான். பெரிய பந்தயம் எதிலும் அது முதலிடம் பெறவே இல்லை.

கணக்கு முடிந்தது

1930 அக்டோபரில் டாரதி பாஜெட் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். ஒரே ஒரு காரை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். அது ஒரு ஆள் மட்டும் உட்காரும்படி உடலை மாற்றி அமைத்த புளோயர்.

உலகப் பொருளாதார மந்தத்தில் விலை உயர்ந்த கார்களை வாங்க ஆளில்லை. 1931-ல் பென்ட்லி கம்பெனி கடன் கொடுத்தவர்களின் பிடிக்குப் போயிற்று. அந்த ஆண்டு இறுதியில் சுமார் 1,25,000 பவுனுக்கு ரோல்ஸ் ராய்ஸ் அதை விலைக்கு வாங்கியது. கம்பெனி கவிழ்ந்ததற்குப் புளோயர்தான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. 8 லிட்டர் கார் தயாரிப்பிலும் பணம் போயிற்று. மந்தம் பெரிய பெரிய கம்பெனிகளையே சாய்த்தது. ஆனால் 50 கார் செய்ய முடங்கிய பணம் அந்தச் சமயத்தில் கையில் இருந்திருந்தால் உதவியிருக்கும்.

பர்கின் நிலைமை இன்னும் விசித்திரம். 1931 ஜூனில் அவரும் ஹோவ் பிரபுவும் லே மானில் மறுபடியும் கலந்துகொண்டு முதலிடம் பெற்றார்கள். 24 மணி நேரத்தில் 3,000 கிலோ மீட்டரைத் தாண்டிய முதல் வெற்றி அது. ஓட்டிய கார் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ. அதிலும் சூப்பர்சார்ஜர் இருந்தது! என்ஜின் 2.3 லிட்டர்தான், பென்ட்லி என்ஜினில் ஏறக்குறைய பாதி. ஆனால் விட்டோரியோ யானோ என்ற என்ஜினீயர் முதல் கோடு போடும்போதே சூப்பர்சார்ஜரையும் சேர்த்து வரைந்த என்ஜின் அது. ஒவ்வொரு பாகத்துக்கும் வரப்போகும் பளு முன்னமே தெரிந்து செய்தது. சூப்பர்சார்ஜர் வேண்டும் என்று பர்கின் சொன்னதும் சரி, தம் என்ஜினில் மாட்டக்கூடாது என்று பென்ட்லி சொன்னதும் சரி என்று அந்தப் பந்தயம் தீர்ப்பளித்தது போலாயிற்று.

ஒற்றை ஆள் புளோயரை மட்டும் பர்கின் விடவில்லை. 1932-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி புரூக்லாண்ட்ஸ் மைதானத்தின் சரிந்த கான்கிரீட் பாதையில் அதை விரட்டினார். மணிக்கு 137.96 மைல்! மேடும் பள்ளமுமான அந்தப் பாதையில் கார் தரையை விட்டு எழும்பி எழும்பி விழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் லிபியா நாட்டுத் திரிப்போலி நகரில் ஒரு பந்தயம். பர்கின் மூன்றாவதாக வந்தார். நடுவில் கார் நின்றபோது சிகரெட் லைட்டரை எடுக்கக் கையை நீட்டி, சூடான புகைக்குழாயில் சுட்டுக்கொண்டார். பெரிதாக எண்ணவில்லை. புண் சீழ் பிடித்தது, பழைய மலேரியாவும் சேர்ந்துகொண்டது என்கிறார்கள். 1933 ஜூன் 22-ந் தேதி லண்டனில் இறந்தார். வயது 36. குடும்பச் சொத்தில் அவர் பங்கு பெரும்பாலும் கார்களிலேயே போய்விட்டிருந்தது.

வில்லியர்ஸ் 1991 வரை வாழ்ந்தார். ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயான் ஃப்ளெமிங் அவருடைய நண்பர். 1953-ல் வந்த முதல் பாண்ட் நாவலில் கதாநாயகன் ஓட்டுவது, வில்லியர்ஸின் சூப்பர்சார்ஜர் பொருத்திய நாலரை லிட்டர் பென்ட்லி. சினிமாவில் பாண்டை வேறு கார்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். வில்லியர்ஸ் பிற்காலத்தில் தூரிகை பிடித்து ஃப்ளெமிங்கின் படத்தையும் வரைந்தார்.

பர்கின் ஓட்டிய ஒற்றை ஆள் கார் 2012-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. 50 லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. ஒரு காலத்தில் மொத்தக் கம்பெனியும் விலைபோன தொகையைப் போல் 40 மடங்கு! 2019-ல் பென்ட்லி கம்பெனி, தன்னிடம் உள்ள பர்கினின் இன்னொரு பந்தயக் காரை ஆணி ஆணியாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் லேசர் ஒளியால் அளவெடுத்தது. அதே அளவில் புதிதாக 12 புளோயர் கார்களைச் செய்து விற்க முடிவு செய்தது. வால்டர் பென்ட்லி வேண்டாம் என்று சொன்ன அந்தத் துருத்தியும், அதே மூக்கில், அதே இடத்தில் இருக்கிறது.